கருவிலே தொடங்கும் மூச்சு



நமது பாடசாலைகளிற் சமயபாட வேளையிலே பிராணாயாமத்தைக் குறித்துச் சில சொற்கள் கூறுகின்றோம். விஞ்ஞானபாட வேளையிலே கருப்பையினுட் குழந்தை வளரும் முறையைப் படம் வரைந்து காட்டுகின்றோம். இரண்டும் ஒரே மாணாக்கனுடைய ஒரே உடம்பைப் பற்றியனவாயினும், அடுத்தடுத்த வளவிலிருந்தும் முகம் பாராத அயலவர்போல அவை நிற்கின்றன. அவற்றை ஒரு பாடமாகக் கூட்டி, மாணாக்கன் அமைதியாயிருந்து மூச்சை நோக்கும்போதே தன்னுடம்பு உருவாகிய வரலாற்றையும் உறுப்புறுப்பாய் உணரச் செய்தல் கூடும் என்பது சில ஆண்டுப் பழக்கத்தால் யாம் கண்டது. அங்ஙனஞ் செய்யுமிடத்து ஆசிரியர் வழுவக்கூடிய இடங்களும் உள. அவற்றுள் இரண்டில் யாமே வழுவினோம். ஆதலின் முறையையும் வழுவையும் சேர்த்தே எழுதுகின்றோம்.

முதல் வழு இது. கனகராயன்குளத்திலே ஒரு கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைதோறுந் திருமந்திரம் படித்துப் பொருள் சொல்லி வந்தோம். இரண்டாந் தந்திரத்திலே கர்ப்பக்கிரியை என்னும் பகுதி வந்தது. உயிர் கருவிற் புகுதலையும், தத்துவங்கள் அதனோடு கூடுதலையும், இறைவன் அதனைக் காத்தலையும் அப்பகுதி கூறிச் செல்லும். இடையே, கூடுங்காலத்து ஓடும் மூச்சினாற் குழந்தை ஆணாதலும் பெண்ணாதலும், குறளாதலும் முடமாதலும் கூறப்படும். தாய்வயிற்றின் மலசல மிகுதியால் மந்தமும் ஊமையும் உண்டாதலுங் கூறப்படும். யாம் அவற்றை உள்ளவாறே ஒப்பித்துப் பொருள் கூறிவிட்டு எழுந்தோம். வெளியே ஒரு தாய் காத்து நின்றார். 2009 இல் அகதி முகாமிலே கருவுற்றிருந்தவர் அவர். அக்கருவிற் பிறந்த சிறுமி அவர் கையைப் பற்றி நின்றாள்; அவளுக்குப் பிறவியிலேயே பேச்சில்லை. அத்தாய் கேட்ட வினாவை அவர் வாய்மொழியாகவே எழுதுகின்றோம்: "சேர், அந்த நேரம் முகாமிலை எனக்கு ஒரே வயித்தாலை போச்சுது. அதாலையோ என்ர பிள்ளைக்குப் பேச்சு வரேல்லை?"

"இல்லையம்மா" என்று மாத்திரஞ் சொல்லி அனுப்பினோம். அது விடையன்று. பத்து ஆண்டாக ஒரு தாய் தன் நெஞ்சிலே சுமந்த ஐயத்திற்குத் திருமுறையைச் சான்றாக்கிக் கொடுத்தவர் யாம் என்பது வீடு சேர்ந்த பின்னரே நன்கு விளங்கிற்று. அன்றிரவு நித்திரையில்லை. கருவைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் யாம் கற்றவற்றை முதலிலிருந்து மீளப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னரேயாம்.

நிற்க. யாம் கற்றது மிஷன் பாடசாலையிலே. அங்கே உடற்கூற்றுப் படங்களை நன்றாகக் கற்பித்தார்கள். நமது நூல்கள் இவற்றை அறியா என்று நகைத்தலையும் உடன் கற்பித்தார்கள். படத்தை யாம் எடுத்துக்கொண்டோம். நகைப்பை அங்கேயே விட்டு வந்தோம். ஆயினும் ஒன்று சொல்லல் வேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தல் கூடும் என நம்பி, மாணாக்கரைக் கொண்டும் தாமாகவும் நூல்களை மொழிபெயர்த்தார். உடலமைப்பு நூலுக்கு அங்காதிபாதம் என்றும், உடற்றொழில் நூலுக்குச் சுகரணம் என்றும் பெயர் வழங்கினார்கள். பிரசவ வைத்தியத்திற்கும் தமிழிலே நூல் வந்தது. அதன் பின்னும் நம்முள் ஒருவர் 'இவற்றைத் தமிழிற் கூற இயலாது' என்பாராயின் அது சோம்பலேயன்றி வேறன்று.

இனி, இளம் ஆசிரியர் ஒருவர் அண்மையில் எம்மிடம் வந்து, சீனருடைய சீகுங் என்னும் பயிற்சியிலே 'கருச்சுவாசம்' என ஒன்று உண்டாமே, அதனை நமது பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாமோ என்று வினவினார். வினா நல்லது. சீகுங் என்பது மெல்லிய உடலசைவும் மூச்சும் மனவொருமையுஞ் சேர்ந்த பயிற்சி. அப்பெயர் இன்றைய பொருளிற் பரவியது 1950 களிலேயே. லியு குயிசென் என்பார் அதனைச் சிகிச்சை முறையாக்கி 1957 இல் நூல் வெளியிட்டார். பயிற்சியோ மிகப் பழையது. ஹூனான் மாகாணத்து மாவாங்துவி என்னுமிடத்திலே கி.மு. 168 இல் மூடப்பட்ட கல்லறையொன்றை 1973 இல் அகழ்ந்தபோது, 44 மனிதவுருக்கள் பல நிலைகளில் நின்று உடற்பயிற்சி செய்யும் பட்டுச் சித்திரம் ஒன்று கிடைத்தது. வியப்பென்னெனில், அதே கல்லறையிலே கருவின் வளர்ச்சியைத் திங்கள் திங்களாகக் கூறும் ஏடும் இருந்தது. நான்காந் திங்களில் நீரினாற் குருதியும், ஐந்தாந் திங்களில் நெருப்பினால் உயிர்ப்பும், ஆறாந் திங்களில் உலோகத்தால் நரம்பும் உண்டாகும் என அவ்வேடு வகுத்துச் செல்கின்றது. கி.பி. நான்காம் நூற்றாண்டிலிருந்த கே ஹோங் என்பவர், கருப்பையிலுள்ள குழந்தைபோல மூக்கும் வாயும் இன்றி உயிர்த்தலே உயர்ந்த பயிற்சி என்றும், மூக்கின்முன் வைத்த பறவையிறகு அசையாதபடி மூச்சை மெல்ல விடப் பழகுக என்றும் எழுதினார்.

போகர் சீனஞ் சென்றார் என வழங்குங் கதையைக் கொண்டு, சீனர் இவற்றை நம்மிடமிருந்தே பெற்றனர் என மேடையிற் பேசுவாரும் உளர். கதையைச் சான்றாக்குதல் ஆசிரியருக்கு அழகன்று. நமது நூல்களே போதியன. கருப்போபநிடதம் கருவின் வளர்ச்சியை நாளும் பக்கமும் திங்களுமாக எண்ணி, ஒன்பதாந் திங்களிற் குழந்தை தன் பழம்பிறவிகளை நினைந்து இனிப் பிறவாவண்ணம் இறைவனைத் தியானிப்பேன் என்று துணியும் எனவும், பிறக்கும்போது ஒரு காற்றுத் தீண்ட அனைத்தையும் மறக்கும் எனவுங் கூறும். மணிவாசகப் பெருமான் தில்லையில் அருளிய போற்றித் திருவகவலிலே, திங்கள் ஒவ்வொன்றிலும் வரும் இடையூற்றைச் சொல்லி அதனினின்றும் உயிர் பிழைத்தமையை எண்ணுகின்றார். கருச்சிதைவுகளிற் பெரும்பாலானவை முதல் மூன்று திங்களுக்குள்ளே நிகழ்கின்றன என்று இன்று அறிகின்றோம். அதனை அறிந்தபின் அப்பதிகத்தை ஓதுவார்க்குப் 'பிழைத்தல்' என்னுஞ் சொல் வேறொரு பாரத்தோடு விளங்கும்.

சீனர் நெறிக்கும் நம் நெறிக்கும் இங்கே ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அவர்கள் நீண்ட வாழ்வை வேண்டிக் கருவின் நிலைக்கு மீள விரும்பினார்கள். நம்மவர் மீண்டுங் கருவிற் புகாமையை வேண்டினார்கள். ஆதலாற் கருவை நினைத்தல் அவர்க்கு ஆசை, நமக்கு நன்றி. இதனை மனத்திற் கொண்டபின் சீனர் பயிற்சியிலிருந்து நல்லதொன்றை எடுத்தலில் இழுக்கில்லை. 1973 இல் அமெரிக்காவிலே போனி பெயின்பிரிட்ஜ் கோகென் என்னும் அம்மையார் உடலியக்கத்தைக் கற்பிக்கும் பள்ளியொன்றை நிறுவி, கருவளர்ச்சியின் படிகளை உடம்பிலே உணர்ந்து அசையப் பழக்கினார். அவர் போல்வார் கூறுவன எல்லாம் விஞ்ஞானத்தால் நிறுவப்பட்டன அல்ல. உடம்பைக் கவனிக்கும் வழியாக மாத்திரம் அவற்றைக் கொள்ளலாம்.

அப்படியாயின், கருவிலுள்ள குழந்தை உண்மையில் எவ்வாறு உயிர்க்கின்றது? கே ஹோங் கூறியதிற் பாதி மெய். குழந்தை மூக்கால் ஒட்சிசன் பெறுவதில்லை. சூல்வித்தகத்தில் தாயின் குருதியும் சேயின் குருதியும் கலவாமலே அருகருகாய் ஓட, ஒட்சிசன் கொப்பூழ்நாணின் ஒரு நாளத்தால் உள்ளே வருகின்றது. கழிவு இரண்டு நாடிகளால் வெளியே போகின்றது. மற்றைப் பாதி மெய்யன்று. குழந்தையின் மார்பு அசைவற்று இருப்பதில்லை. ஏறக்குறையப் பத்தாம் பதினோராம் வாரந் தொடங்கி, காற்றில்லாத அவ்விடத்திலேயே பிரிமென்றகடு இடையிடையே எழுந்து தாழ்கின்றது. நுரையீரல் நிறையத் திரவமே உண்டு. ஆயினும் மூச்சசைவு நிகழ்கின்றது. அவ்வசைவு இல்லையாயின் நுரையீரல் செம்மையாக வளராது. ஆகவே கருப்பை மூச்சை அடக்கும் இடமன்று. மூச்சைப் பழகும் இடம். பிறந்த அன்று நாம் இட்ட முதல் மூச்சுக்கு ஆறு திங்களுக்கு மேலாக ஒத்திகை நடந்திருக்கின்றது. எமக்கு இதனினும் வியப்பான செய்தி இப்பாடத்தில் வேறில்லை.

பிரிமென்றகட்டின் வரலாறு இன்னும் இனியது. நான்காம் வாரத்தில் அதன் முதற்கூறு கழுத்தின் நேரே தோன்றுகின்றது. உடம்பு நீள, அது கீழிறங்கி, எட்டாம் வாரமளவில் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே வந்து அமைகின்றது. கழுத்திலே பெற்ற நரம்பை அறுத்துவிடாது உடன் இழுத்துக்கொண்டே இறங்குகின்றது. இதனாலேயே இன்றும் நம் மூச்சுத்தசையை ஆளும் நரம்பு கழுத்தின் மூன்றாம் நான்காம் ஐந்தாம் முள்ளந்தண்டு நரம்புகளிலிருந்து புறப்பட்டு இருதயத்தின் பக்கமாக இறங்கி வருகின்றது. இருதயமும் முதலில் மார்பில் இருந்ததன்று. தலையாகப் போகும் பாகத்திற்கு முன்னே அது தோன்றி, 22 ஆம் நாளளவில் துடிக்கத் தொடங்குகின்றது. பின்னர் முளையம் தலையை முன்புறமாக வளைக்கின்றது. அவ்வளைவினால் இருதயம் முகத்தின் கீழே வந்து சேர்கின்றது. தலை வணங்கியபின்னரே இருதயம் தன் இடம் பெற்றது என்று வகுப்பிற் கூறினால் பிள்ளைகள் மறப்பதில்லை.

முதல் மூச்சை விளக்க நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளத்தையே காட்டலாம். வயல் பண்படுமுன் துருசைத் திறந்தால் நீரை வேறு வாய்க்காலாற் கழித்துவிடல் வேண்டும். கருவில் நுரையீரல் இன்னும் பண்படாத வயல். ஆகையால் அதற்குச் செல்லவேண்டிய குருதியிற் பெரும்பகுதி இருதயத்தினுள்ளே ஒரு துளையாலும் வெளியே ஒரு குறுக்கு வாய்க்காலாலும் விலகிச் செல்கின்றது. பிறந்து முதன்முறை காற்றை இழுத்தவுடன் நுரையீரலின் குழாய்கள் விரிந்து குருதி அங்கே பாய, துளையின் கதவு அமுக்கப்படுகின்றது. குறுக்கு வாய்க்காலும் சில நாளிற் சுருங்கி அடைபடுகின்றது. இரணைமடுவுக்கு நீர் கொண்டு செல்லுங் கனகராயன் ஆற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதனை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

இனிப் பாடமுறை. ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் காலை வேளையிற் பாயில் இருத்துக. உண்டவுடனே வேண்டா. முதுகு நிமிர்ந்திருக்கட்டும்; விறைத்திருக்க வேண்டா. கையை முதுகந்தண்டிலே வைத்து, நான்காம் வாரமுடிவிலே தட்டையான ஒரு படை இருமருங்கும் எழுந்து குழாயாக மூடியே தமது மூளையும் முண்ணாணும் ஆயின என்று கூறுக. பின் தலையை மெல்லத் தாழ்த்தி மார்பிற் கைவைத்து இருதயத்தின் இடப்பெயர்ச்சியைக் கூறுக. பின் கழுத்திலே கைவைத்து, மூச்சு உட்செல்லும்போது கையை மெல்ல விலாவின்கீழ் வரை இறக்கச் சொல்லுக. பிரிமென்றகடு வந்த வழி அது. கடைசியாக உந்தியிற் கைவைத்து, அங்கே வயிறு எழுவதும் தாழ்வதும் பத்து மூச்சளவு கவனிக்கச் செய்க. சீனரும் தம் கவனத்தை உந்தியின் கீழேயே நிறுத்துவர். நம் பிள்ளைகள் அவ்விடத்தில் ஐந்தெழுத்தை மனத்துள் நினைக்கலாம். பத்து நிமிடத்திற்கு மேல் வேண்டா.

மூச்சை அடக்கச் சொல்லற்க. இது எமது இரண்டாம் வழு. மூன்றாந் தந்திரத்திலே திருமூலர் பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என வகுத்த அளவை, சிறு பிள்ளைகளுக்கு அதிற் கால்வாசியாகக் குறைத்துக் கொடுத்தால் தீங்கில்லை என எண்ணி ஒருமுறை பழக்கினோம். ஒரு பையன் தோழனை வெல்லவேண்டுமென்று அடக்கிக்கொண்டே இருந்து மயங்கிச் சாய்ந்தான். நீர் தெளித்துக் கால்களை உயர்த்தி வைக்க எழுந்துவிட்டான்; எமக்கோ அன்று முழுவதும் கை நடுங்கியது. குருமுகமாகப் பல ஆண்டு பழகிய யோகிக்குச் சொன்ன அளவு வகுப்பறைக்குச் சொன்னதன்று. கருவிலுள்ள குழந்தையும் மூச்சை அடக்கவில்லை என்பதை மேலே கண்டோம். தொய்வு உள்ள பிள்ளை தன் இயல்பான மூச்சையே கவனிக்கட்டும்.

கண்ணை மூடும்படியும் வற்புறுத்தற்க. 2009 இற் சிறுவராய்ப் பதுங்குகுழியினுள் இருந்தவர்கள் இன்று ஆசிரியர்களாய் இருக்கின்றார்கள். எம்மோடு இப்பாடத்திற் கலந்துகொண்ட ஒருவர் கண்ணை மூடியதும் எழுந்து வெளியே போய்விட்டார். இப்பொழுது அவர் எதிரேயுள்ள வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே செய்கின்றார். இப்பயிற்சியால் இன்ன நோய் தீரும் என்றுங் கூறற்க. பிள்ளையின் நுரையீரலிலே புதிய சிற்றறைகள் பிறந்தபின்னும் பல ஆண்டு உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. தன்னுள் இன்னும் வளர்ச்சி முடியவில்லை என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை அறிதலே போதிய பயன்.

அத்தாயின் வினாவுக்கு மீள்வோம். திருமுறையை ஒரு பக்கமும் உடற்கூற்று நூலை ஒரு பக்கமும் வைத்து அவருக்கு யாம் பின்னர்க் கூறிய விடை இது. குழந்தை ஆணோ பெண்ணோ என்பது தந்தைவழி வரும் நிறமூர்த்தத்தால் ஆவது. நெற்றி ஸ்டீவன்ஸ் என்னும் அம்மையார் 1905 இலேயே வண்டினத்தில் இதனைக் கண்டு எழுதினார். மூச்சு வலமாகவோ இடமாகவோ ஓடுதல் அதற்குக் காரணமன்று. முதுகந்தண்டு மூடாமற் பிறக்குங் குழந்தைகள் விடயத்தில், முன் அவ்வாறு ஒரு மகவைப் பெற்ற தாய்மாருக்குக் கருவுறுமுன்னரே போலிக்கமிலம் கொடுத்தால் அது மீண்டும் வருவது நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு குறையும் என்று 1991 இல் வெளியான பிரித்தானிய ஆராய்ச்சி காட்டிற்று. நம் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர் அம்மாத்திரையைக் கொடுப்பதும் இதனாலேயே. அதனைக் கொடாமல் மூச்சைக் குறை கூறியிருப்போமாயின் யாருக்கு என்ன பயன்?

பேச்சில்லாமை பெரும்பாலுங் கேள்வியில்லாமையால் வருவது. நாவும் குரல்வளையும் செம்மையாகவே இருக்கும். உட்செவி நான்காம் வாரத்தில் தலையின் இருமருங்கும் தோல்தரும் படையிலேயே குழிந்து தொடங்குகின்றது. அது குறைபடுதற்குக் காரணம் பல. பலரிடத்து அது மரபுவழி வருவது. கேள்வி நன்றாயுள்ள தாய் தந்தையரிடமும் அம்மரபு வெளித்தோன்றாமல் இருத்தல் கூடும். சிலரிடத்துக் கருவின் முதற்றிங்கள்களில் தாய்க்கு வந்த ருபெல்லாக் காய்ச்சல் காரணமாகும். அக்காய்ச்சல் கருவைத் தாக்கிக் கண்ணைக் கெடுக்கும் என்பதை 1941 இல் அவுஸ்திரேலியக் கண்வைத்தியர் நோர்மன் கிரெக் கண்டார். செவியையும் கெடுக்கும் என்பது அடுத்துத் தெரிந்தது. நம் நாட்டில் அதற்குத் தடுப்பூசி 1996 இல் வந்தது. 2020 இல் ருபெல்லா இந்நாட்டில் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார தாபனம் அறிவித்தது. தாயின் வயிற்றோட்டம் இக்காரணங்களுள் ஒன்றன்று.

அற்றேல், திருமூலர் கூறியதை யாது செய்வது எனின், அக்காலத்து வைத்திய வழக்கிலே கருவின் நுண்மையைச் சுட்டி, அதனைக் காப்பவன் இறைவன் என்று காட்டுதலே அப்பகுதியின் நோக்கம் என்பது எமது துணிபு. ஒரு தாயைக் குற்றவாளியாக்க அச்செய்யுளைக் கையாளுவார் அதன் நோக்கத்திற்கு மாறாகவே நிற்பர். இவ்விடத்தில் எம்மொடு உடன்படாத புலவர்கள் உளராயின், முதலில் அத்தகைய ஒரு தாயின் எதிரே நின்று அச்செய்யுளுக்குப் பொருள் கூறிப் பார்த்தபின் எழுதுக.

அச்சிறுமியும் இப்பாடத்திற்கு வந்தாள். எண்ணுகின்ற குரல் அவளுக்குக் கேளாது. ஆயின் கழுத்திலிருந்து உந்திவரை கை இறங்குவதைக் கண்டு தானுஞ் செய்தாள். உந்தியிற் கைவைத்தபின் மற்றவர் பத்து மூச்சில் எழுந்துவிட, அவள் எழவில்லை. தன் கை எழுவதையும் தாழ்வதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னர்க் கொப்பியிலே ஒரு குழந்தையை வட்டத்துக்குள் வரைந்து, கழுத்திலிருந்து வயிற்றுக்கு ஓர் அம்புக்குறியும் இட்டாள். அப்படத்தைக் காட்டியே தாய்க்கு மேற்கூறியவற்றையெல்லாம் விளக்கினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின், "சேர், இந்தக் கடதாசியை நான் கொண்டுபோகட்டே?" என்று கேட்டு, நாலாய் மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

கர்ப்பக்கிரியையை இப்பொழுதும் படிக்கின்றோம். ஒரு செய்யுளும் விடுவதில்லை. பொருள் சொல்லுமுன் மண்டபத்தில் யார் யார் இருக்கின்றார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கின்றோம்.